களத்துமேட்டுப் போட்டோவில் ஒரு தொந்தி

பரண்ல எலி புகுந்துட்டுன்னு போன மாசம் பழைய டிரங்குப் பெட்டியைக் கீழ இறக்கினேன். பத்திரக் கட்டுக்கு நடுவுல ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ கெடந்துச்சு. 1979 மாசி மாசம், பிசான நெல் அறுத்துச் சூடடிச்ச அன்னைக்கு எடுத்தது. எங்கப்பா அப்ப குத்தகைக்குப் பாத்த வயலுக்குச் சொந்தக்காரரான பண்ணையாரோட மகன் மெட்ராஸ்ல படிச்சிக்கிட்டிருந்தார். அவர்தான் கேமரா கொண்டுவந்திருந்தார். களத்துமேட்டுல பொலிக்கு முன்னால பதினாலு பேர் வரிசையா நிக்கோம். பொலின்னா தூத்தி முடிச்ச நெல்லுக் குவியல், பட்டணத்துல இருக்கிறவங்களுக்காகச் சொல்லுதேன்.

ஆம்பிளைங்களுக்கு விலா எலும்பை எண்ணிரலாம். பொம்பளைங்களுக்கு முழங்கை எலும்பு துருத்திக்கிட்டு நிக்கு. எங்கப்பா கழுத்தெலும்புக் குழியில ஒரு ஆழாக்கு எண்ணெய் ஊத்தினாலும் சிந்தாது. எனக்கு அப்ப எட்டு வயசு, உடம்புலயே பெருசா தெரியுறது முட்டிதான். மொத்தக் கூட்டத்துல சதை இருக்கிறது ரெண்டே பேருக்கு. ஒண்ணு பண்ணையார், வெள்ளை வேட்டிக்கு மேல நல்ல தொந்தி. இன்னொண்ணு எங்க ஆச்சி கையில இருக்கிற ஒரு வயசுத் தங்கச்சி. ஆச்சி அவளை மடியில வச்சுக்கிடாம, கேமராவுக்கு நேரா தூக்கிக் காட்டுதா. அந்த வருஷ மகசூல்ல அவளும் சேர்த்தி மாதிரி.

அந்தத் தங்கச்சிக்கு இப்ப நாப்பத்தேழு வயசு ஆகப்போவுது. பக்கத்து ஊர்லதான் கெட்டிக் கொடுத்திருக்கோம். 92 கிலோ இருந்தா. ரெண்டு வருஷத்துக்கு முன்னால கால்ல ஒரு சின்னப் புண்ணு வந்து ஆறாமலேயே கெடந்து, பாத்தா சர்க்கரை 380. அவ உடம்பு இப்படி ஆனதுக்குக் காரணம் அவ வாய்தான்னு ஊர்ல எல்லாரும் சொன்னாங்க. நானும் சொல்லியிருக்கேன். இப்ப அந்தப் போட்டோவைப் பாத்தபிறகு அப்படிச் சொல்ல முடியல. ராசாக்களுக்கும் கோயிலுக்கும் இருக்கிற மாதிரி உடம்புக்கும் ஒரு வரலாறு இருக்கு. எங்க ஆத்துப் பாசனத்துக்குள்ள அது எப்படி நடந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்ச மட்டும் எழுதுதேன்.

ஆச்சி பொறந்தது 1910 வாக்குல. அவளோட ஆச்சி தாது வருஷப் பஞ்சத்தைக் கண்ணால பாத்தவ. 1876லேருந்து 78 வரைக்கும் மெட்ராஸ் மாகாணத்தைப் புரட்டிப் போட்ட பஞ்சம் அது. லட்சக்கணக்குல செத்தாங்க. தாமிரபரணிக்கு ரெண்டு மழையிலயும் தண்ணி உண்டு. அதனாலதான் கார், பிசானம்னு ரெண்டு போகம். ஆத்துப் பாசனம் அந்தப் பஞ்சத்துல ஓரளவு தாக்குப் பிடிச்சுச்சு. ஆனா வடக்க கரிசல் பூமி, மானாவாரிக் காடு எல்லாம் காஞ்சு போச்சு. அந்தப் பக்கத்துச் சனங்க ஆத்தைத் தேடி நடந்து வந்தாங்களாம். சில பேர் தூத்துக்குடிக்குப் போய் இலங்கைத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறினாங்க. வந்தவங்களுக்குக் கஞ்சி ஊத்தின வீட்டு வாசல்லயே ஆளு விழுந்து செத்த கதையை ஆச்சி சொல்லுவா. கேட்ட கதைதான், ஆனா ஏதோ நேத்து பாத்த மாதிரிச் சொல்லுவா.

அந்தப் பஞ்சத்துல சர்க்கார் கொடுத்த கூலியைப் பத்தி படிச்சப்ப எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. ரிச்சர்ட் டெம்பிள்னு ஒரு பெரிய அதிகாரி 1877 ஜனவரியில வந்தார். நிவாரண வேலைக்கு வர்ற ஆம்பிளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும்னு உத்தரவு. ஒரு பவுண்டுன்னா அரைக் கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்னுட்டு நாள் முழுக்க மண்ணு வெட்டணும், கல்லு உடைக்கணும். மெட்ராஸ்ல சுகாதார கமிஷனரா இருந்த கார்னிஷ்ங்கிற டாக்டர் இது ஆளைக் கொல்லும்னு எழுதி எழுதிச் சண்டை போட்டார். சில மாசம் கழிச்சுத்தான் கூலியை ஏத்தினாங்க.

அப்படி ஒரு காலத்துல இருந்து வந்த வாய்க்கு, குழந்தை உடம்புல சதையைப் பாத்தா எப்படி இருக்கும்? எங்க ஆச்சி தங்கச்சி தொடையில விழுந்த மடிப்பை ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுவா. கண்ணு பட்டிரும்னு கன்னத்துல மை வைப்பா. யாரைப் பாத்தாலும் முதல்ல கேக்குறது, "என்னடே, மெலிஞ்சு போன?" கல்யாணமான பொண்ணு மறுவீட்டுக்கு வரும்போது பூசினாப்புல இருந்தா மாப்பிள்ளை வீட்டுல நல்லா வச்சிருக்காங்கன்னு அர்த்தம். இளைச்சிருந்தா அன்னைக்கு ராத்திரி அம்மாமார் கூடிப் பேசுவாங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு. கொழுப்புன்னு ஒரு வார்த்தை. வேற பாஷையில எப்படியோ, நம்ம பாஷையில கொழுப்புன்னா திமிருன்னும் அர்த்தம். "கொழுப்பெடுத்துத் திரியுதான்"னு சொன்னா எவனும் டாக்டர்கிட்ட போகமாட்டான், அடிக்கத்தான் வருவான். இந்த அர்த்தம் எங்கேருந்து வந்திருக்கும்னு எனக்கு ஒரு யோசனை உண்டு, ஆராய்ச்சி ஒண்ணும் இல்ல. அந்தப் போட்டோவைப் பாத்தா புரியும். பதினாலு பேர்ல ஒரே ஒரு தொந்தி, அதுவும் நிலத்துக்காரருக்கு. வேலை செய்யாதவனுக்குத்தான் சதை, சதை இருக்கிறவனுக்குத்தான் அதிகாரம். சதையும் திமிரும் ஒரே வேட்டிக்குள்ள இருந்த காலம் அது. அந்த வார்த்தையைத்தான் இன்னைக்கும் 90 கிலோ இருக்கிற பீடித் தொழிலாளியைப் பாத்துச் சொல்லுதோம்.

உடம்பு பெருக்கிறது நோயின்னு நம்ம ஆளுங்களுக்கு ரொம்பப் பழைய காலத்துலயே தெரியும். சரக சம்ஹிதையில நிந்திக்கப்படுற எட்டு வகை உடம்புன்னு ஒரு பட்டியல் இருக்கு. ரொம்ப நெட்டை, ரொம்பக் குட்டை, ரொம்ப ரோமம், ரோமமே இல்லாதது, ரொம்பக் கறுப்பு, ரொம்பச் சிவப்பு, அப்புறம் ரொம்பப் பருமன், ரொம்ப ஒல்லி. கடைசி ரெண்டுல பருமன்தான் மோசம்னு சொல்லியிருக்கு. காரணமா இனிப்பு, நெய்ப்பண்டம், உடல் உழைப்பில்லாமை, பகல் தூக்கம் எல்லாம் வருது. பெத்தவங்க வித்துலேருந்தும் வரும்னு அப்பவே எழுதியிருக்காங்க, அது பெரிய விஷயம். ஆனா எப்பவும் சந்தோஷமா, கவலையில்லாம இருக்கிறதையும் ஒரு காரணமாச் சேத்திருக்காங்க. அதை மட்டும் நான் ஒத்துக்கிட மாட்டேன். எங்க தங்கச்சி கவலையில்லாம இருந்த ஒரு வருஷத்தைக் காட்டச் சொல்லுங்க பாப்போம்.

எங்க பக்கத்துல "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு"ன்னு ஒரு சொலவடை உண்டு. நாங்க கொள்ளை மாட்டுக்குப் போட்டோம். எள்ளுப் புண்ணாக்கையும் மாட்டுக்குத்தான் போட்டோம். அரிசியில தீட்டின தவிடும் மாட்டுக்கு. யோசிச்சுப் பாத்தா என் பசுமாடு எங்களைவிட நல்லாச் சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கு.

அரிசிக்கு வருவோம். உலக்கையில குத்தினா உமி போகும், தவிடு பாதி ஒட்டிக்கிட்டு நிக்கும். ரைஸ் மில் வந்ததும் தவிடு முழுசும் போச்சு. இதனால என்ன கேடு வரும்னு வெள்ளைக்காரன் காலத்துலயே குன்னூர்ல ஆராய்ச்சி நடந்திருக்கு. ராபர்ட் மெக்காரிசன்னு ஒரு டாக்டர். 1920கள்ல அவர் எலிகளைப் பிரிச்சு வச்சு, ஒவ்வொரு கூட்டத்துக்கும் இந்தியாவுல ஒவ்வொரு ஊர்ச் சாப்பாட்டைக் கொடுத்து வளத்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறின்னு சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலி நல்லா வளந்துச்சு. தீட்டின அரிசிச் சோறும் கொஞ்சூண்டு குழம்புமா மெட்ராஸ் சாப்பாடு சாப்பிட்ட எலி நோஞ்சான். அந்த லேபுதான் பின்னால 1958ல ஹைதராபாத்துக்குப் போயிட்டு. இப்ப அது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

ஒரு நல்ல காலம், நம்ம பக்கத்துல புழுங்கல் அரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டுல இருக்கிற சத்து கொஞ்சம் உள்ள இறங்கிரும். அதனால பச்சரிசியைத் தீட்டித் தின்ன ஆந்திரக் கடலோரத்துல வந்த அளவுக்கு பெரிபெரி நோய் நமக்கு வரல. நான் சொல்ல வர்றது வேற. நூறு வருஷத்துக்கு முன்னால பெரிய டாக்டர்மார் தமிழனைப் பாத்துக் கவலைப்பட்டது, இவன் இவ்வளவு ஒல்லியா இருக்கானேன்னுதான்.

சுதந்திரத்துக்குப் பிறகும் அதே கவலைதான். சேரன்மகாதேவி ரயில்வே கேட்டுல காமராசர் கார் நின்ன கதை எங்க பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். மாடு மேய்ச்ச பையன்களைப் பாத்து ஏம்டே பள்ளிக்கூடம் போகலன்னு கேட்டாராம். போனா சோறு போடுவீங்களான்னு ஒருத்தன் திருப்பிக் கேட்டானாம். மதிய உணவு அங்கதான் முளைச்சுதுன்னு சொல்லுவாங்க. 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவா விரிச்சார். எனக்கு அப்ப பதினோரு வயசு. அந்தச் சோத்தைத் தின்னுதான் நான் பத்தாவது வரைக்கும் படிச்சேன், அதனால அதைக் குறைச்சு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

வயல்லயும் மாற்றம். 1966ல பிலிப்பைன்ஸ்லேருந்து ஐ.ஆர்.8 வந்துச்சு, அப்புறம் ஐ.ஆர்.20. எங்க அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்துலேருந்து 1986ல ஏ.எஸ்.டி.16 வந்தப்ப எங்கப்பா முதல் வருஷமே போட்டார். குட்டையா, குண்டா இருக்கும். இட்லிக்கு அதை அடிச்சுக்க ஆளில்ல. அரிசி குண்டா இருந்தா மட்டும் நாம குறை சொல்லுறதில்ல பாருங்க. அந்த நெல்லு வந்த பிறகுதான் எங்க வீட்டுல ஆடி மாசமும் மூணு வேளை சோறு. அதுக்கு முன்னால ஆடின்னா கேப்பைக் களிதான். எனக்குக் களி பிடிக்காது, இப்பவும் பிடிக்காது. சென்னையிலேருந்து வர்ற நண்பர் ஒருத்தர் கேப்பைக் களியைத் தட்டுல வச்சு போட்டோ எடுக்கும்போது எனக்குச் சிரிப்புதான் வரும்.

அவர் இன்னொண்ணும் சொல்லுவார். அந்தக் காலத்துல எல்லாம் உழைச்சாங்க அண்ணாச்சி, ஆரோக்கியமா இருந்தாங்கன்னு. எங்கம்மா நாத்து நட்டா, களை பறிச்சா, அறுத்தா, கட்டுச் சுமந்தா, வீட்டுக்கு வந்து நெல்லு குத்தினா, அம்மி அரைச்சா. உடம்புல துளி கொழுப்பு கிடையாது. எனக்கும் தங்கச்சிக்கும் நடுவுல ரெண்டு பிள்ளை பொறந்து தங்கல. நாப்பது வயசுல தோள்பட்டை தூக்க முடியாம ஆயிட்டு. அதை உடற்பயிற்சின்னு சொன்னா எங்கம்மா உலக்கையாலயே போடுவா.

ஆனா அந்த வேலை ஒவ்வொண்ணாப் போனதும் நிசம். முதல்ல உலக்கை, பிறகு அம்மி, ஆட்டுரல். எங்க பக்கத்துல அறுவடை மிஷின் வந்த பிறகு கதிரறுப்பும் சூடடிப்பும் ஒரு மணி நேரத்து வேலையாப் போச்சு. இருபது பேர் மூணு நாள் குனிஞ்ச வயல்ல இப்ப டிரைவர் ஒருத்தர் உக்காந்துக்கிட்டே முடிச்சிருதார். நான் வரப்புல நின்னு போன் பேசுதேன்.

பொம்பளைங்க அதுக்கும் முன்னாலயே வயலை விட்டுப் போயிட்டாங்க. எங்கன்னு கேட்டா, பீடிக்கு. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம், அம்பாசமுத்திரம்னு எங்க பக்கம் முழுக்க வீட்டுத் திண்ணையில உக்காந்து பீடி சுத்துற பொம்பளைங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க. வெயில் இல்ல, சேறு இல்ல, பண்ணையார் ஏச்சு இல்ல, வாரக் கூலி கையில. எங்க தங்கச்சி பதினாலு வயசுல தட்டை எடுத்து மடியில வச்சா. காலையில எட்டு மணிக்கு உக்காந்தா இருட்டுற வரைக்கும் இலை வெட்ட, தூள் போட, சுருட்ட, நூல் கட்ட. ஆயிரம் பீடி முடிச்சாத்தான் அன்னைக்குச் சரியான கூலி. எந்திரிச்சு நடந்தா கூலி குறையும். இருபத்தஞ்சு வருஷம் அப்படி இருந்தா. அந்தக் கூலியிலதான் அவ நகை, அவ கல்யாணம், என் நிலத்துக்கு ஒரு பங்குப் பணம் எல்லாம்.

அதே சமயத்துல ரேஷன்ல அரிசி மலிவாச்சு. 2008ல கிலோ ஒரு ரூபாய், 2011லேருந்து இலவசம். பசியை ஒழிச்சதுல இதுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனா தட்டுல சோறு மலையா ஏற, பக்கத்துல இருந்த பயறும் கீரையும் சுருங்கிப் போச்சு. சென்னையில டாக்டர் மோகன் நடத்துற நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க நாம திங்கிற அரிசியைச் சோதிச்சு 2012ல முடிவு போட்டாங்க. சாப்பிட்டதும் ரத்தத்துல சர்க்கரை எவ்வளவு வேகமா ஏறும்னு கிளைசீமிக் இண்டெக்ஸ்னு ஒரு அளவு. அதுல எழுபதுக்கு மேலன்னா அதிகம். பொன்னி 70.2, சோனா மசூரி 72. ராத்திரியில ரோட்டுக் கடையில திங்கிற மைதா புரோட்டாவைப் பத்தித் தனியாச் சொல்ல வேண்டாம். அல்வாவை நாங்க தீபாவளிக்குத் தீபாவளி பாத்தோம், இப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போறவன் எல்லாம் கால் கிலோ வாங்கிட்டு வாரான்.

இதெல்லாம் ஒரு பங்குதான். இன்னொரு பங்கு உடம்புக்குள்ளயே இருக்குன்னு புனேயில யாக்னிக்னு ஒரு டாக்டர் காட்டியிருக்கார். 2004ல அவரும் லண்டன்ல இருக்கிற அவர் நண்பர் யுட்கின்ங்கிற டாக்டரும் பக்கத்துல பக்கத்துல நின்னு எடுத்த போட்டோ லான்செட் மருத்துவப் பத்திரிகையில வந்துச்சு. ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. ஒண்ணேதான், 22.3. பாக்க ரெண்டு பேரும் அளவான உடம்பு. ஆனா சோதிச்சா வெள்ளைக்காரருக்கு உடம்புல கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. அவர் புனே பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைங்களையும் பிறந்தவுடனே அளந்து பாத்திருக்கார். இங்கிலாந்துல பிறக்குற பிள்ளை மூன்றரைக் கிலோ, இங்க 2.7 கிலோ. எடைதான் குறைவு, சதைதான் குறைவு, தோலுக்கடியில கொழுப்பு மட்டும் கிட்டத்தட்டக் குறையல. ஒல்லியாப் பிறந்த கொழுத்த பிள்ளை.

ஏன் அப்படின்னா, தாய் வயித்துல சோறு பத்தாதப்ப பிள்ளையோட உடம்பு சேத்து வைக்கக் கத்துக்கிடுதுன்னு சொல்லுதாங்க. 1944-45 குளிர்காலத்துல ஜெர்மன்காரன் நெதர்லாந்துக்கு உணவு போகவிடாம மறிச்சப்ப, கர்ப்பத்தோட முதல் பாதியில பட்டினி கிடந்த தாய்மாருக்குப் பிறந்த பையன்கள், பத்தொன்பது வயசுல மத்தவங்களைவிடப் பருமனா இருந்தது அதிகம்னு 1976ல கண்டுபிடிச்சாங்க. அங்க ஒரே ஒரு குளிர்காலப் பசி. எங்க வம்சத்துல எத்தனை தலைமுறைப் பசின்னு எண்ணிப் பாருங்க. தங்கச்சி அம்மா வயித்துல இருந்தப்ப அம்மா நாலு மாசம் வரைக்கும் நடுகைக்குப் போனா, காலையில பழைய சோத்துத் தண்ணி, ராத்திரி கஞ்சி. அந்த உடம்புக்குள்ள இருந்து வந்தவளை இருபத்தஞ்சு வருஷம் உக்கார வச்சு, மூணு வேளையும் வெள்ளைச் சோறு கொடுத்தா அது என்ன செய்யும்?

இதனாலதான் நம்ம உடம்புக்கு வெள்ளைக்காரன் கணக்கு ஒத்துவராதுன்னு 2009ல இந்திய டாக்டர்மார் தனிக் கணக்கு போட்டாங்க. பி.எம்.ஐ. 23 தாண்டினாலே எச்சரிக்கை, 25 தாண்டினா பருமன். இடுப்புச் சுற்றளவு ஆம்பிளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80. நான் வீட்டுல டேப்பு வச்சுப் பாத்தேன், 97. என்னைத் தொந்தின்னு ஒருத்தனும் கேலி பண்ணினது கிடையாது. ஆம்பிளைக்குத் தொந்தி வந்தா இன்னும் கொஞ்சம் பண்ணையார் களைதான். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுப் பொம்பளைங்கள்ல நூத்துக்கு நாப்பது பேரும், ஆம்பிளைங்கள்ல முப்பத்தேழு பேரும் பி.எம்.ஐ. 25க்கு மேல. கணக்கு கிட்டத்தட்ட ஒண்ணுதான், பேச்சு கேக்குறது அவங்க மட்டும்.

தங்கச்சிக்கு வருவோம். ரெண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எடை ஏறிக்கிட்டே போச்சு. முட்டி வலி. உடம்புல ஒரு கிலோ கூடினா ஒவ்வொரு அடிக்கும் முட்டியில நாலு கிலோ பாரம் கூடுதாம். ராத்திரி குறட்டை, நடுவுல மூச்சு நின்னு திடுக்குன்னு எந்திரிப்பா. கல்லீரல்ல கொழுப்பு. குடிக்கிறவனுக்குத்தான் ஈரல் கெடும்னு நெனச்ச எங்களுக்கு அது புதுசு. சர்க்கரை மட்டும் தெரியல, ஏன்னா பாக்கவே இல்ல.

பாக்காம விட்டதுக்கு ஒரு கதை உண்டு. அஞ்சு வருஷத்துக்கு முன்னால முட்டிக்குக் காட்ட டவுன்ல ஒரு டாக்டர்கிட்டப் போயிருக்கா. இருபது பேர் உக்காந்திருக்கிற இடத்துல எடை மிஷின்ல ஏத்தி, நம்பரைச் சத்தமா வாசிச்சு, "சோத்தை நிறுத்தும்மா, மிஷின் உடைஞ்சிரப் போவுது"ன்னு சொன்னாராம். எல்லாரும் சிரிச்சிருக்காங்க. இவளும் சிரிச்சிருக்கா. அதுக்குப் பிறகு மூணு வருஷம் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கல. கல்யாண வீட்டுக்குப் போறதை விட்டா. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்கு வருஷம் தவறாம போனவ, கூட்டத்துல இடிக்குன்னு நிறுத்திட்டா. ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு அடுக்களையில தனியா உக்காந்து சாப்பிடுவாளாம். பின்னாலதான் எங்கிட்டச் சொன்னா.

இது அவளுக்கு மட்டும் நடக்கிறது இல்ல. 2010ல பல ஆராய்ச்சிகளைச் சேத்துக் கணக்குப் பாத்ததுல, பருமனா இருக்கிறவங்களுக்கு மனச்சோர்வு வர்ற வாய்ப்பு 55 சதவீதம் அதிகம், மனச்சோர்வு இருக்கிறவங்களுக்கு உடம்பு பெருக்கிற வாய்ப்பு 58 சதவீதம் அதிகம்னு வந்திருக்கு. செக்குமாடு சுத்துற மாதிரிதான், எது முன்னால எது பின்னாலன்னு சொல்ல முடியாது. அமெரிக்காவுல ஆறாயிரம் பேரை நாலு வருஷம் கவனிச்சதுல, எடைக்காக அவமானப்பட்டவங்க பிறகு பருமனாகுறது மத்தவங்களைவிட ரெண்டரை மடங்கு அதிகமா இருந்துச்சுன்னு 2013ல சொல்லியிருக்காங்க. கேலி பண்ணினா ரோசம் வந்து இளைப்பாங்கன்னு நாம நெனச்சதெல்லாம் தலைகீழ்.

நாம சிரிச்சுப் பழகின எடம் சினிமா. உசிலைமணி வந்தாலே கொட்டகை சிரிக்கும். குண்டு கல்யாணத்துக்குப் பேருக்கு முன்னாலயே அதை ஒட்டிட்டோம். ஒல்லிக்கும் விடல, ஓமக்குச்சி நரசிம்மன்னோம். அவங்க எல்லாம் நல்ல நடிகருங்க, அது அவங்க பிழைப்பு. எங்க வீட்டுல நடந்தது பிழைப்புக்கு இல்ல. தங்கச்சிக்கு ஆறு வயசு இருக்கும்போது, ஒரு படம் பாத்துட்டு வந்த ராத்திரி நான் அவளுக்குப் பூசணின்னு பேர் வச்சேன். அவ அப்ப ஒண்ணும் குண்டு இல்ல, கொஞ்சம் உருண்டையா இருப்பா, அவ்வளவுதான். தெரு பூரா பூசணின்னுதான் கூப்பிட்டுச்சு. அவ கல்யாணத்தன்னைக்கும் பந்தல்ல ஒருத்தன் கூப்பிட்டான்.

டவுன் டாக்டர் சொன்னதைக் கேட்டு நான் துள்ளினேன், வா போய்க் கேட்டுட்டு வருவோம்னு. அவ பைய சொன்னா, "விடு அண்ணே. அவரு என்ன புதுசாவா சொல்லிட்டாரு? நீ சொன்னதுதான."

எனக்கு அதுக்கு மேல பேச்சு வரல.

சர்க்கரையைக் கண்டுபிடிச்சது வீட்டுக்கு வந்த ஒரு பொண்ணு. 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல வீடு வீடா வாராங்கள்ல, அந்தத் தன்னார்வலர். பி.பி. பாத்துச்சு, விரல்ல குத்தி சர்க்கரை பாத்துச்சு. கால் புண்ணைப் பாத்ததும், "அக்கா, நாளைக்கு நானே கூட வாரேன், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவோம்"னு சொல்லிருக்கு. எடையைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அதனாலதான் போனேன்னு தங்கச்சி சொல்லுதா.

அங்க மாத்திரை கொடுத்தாங்க, புண்ணும் ஆறிட்டு. சாப்பாட்டைப் பத்தி நர்சம்மா சொன்னது லேசா இருந்துச்சு. சோறு பாதி, மீதிப் பாதியில பயறு, கீரை, காய். தினம் அரை மணி நேரம் நடை. நடந்தும் எடை குறையலன்னா என்ன செய்யன்னு இவ கேட்டிருக்கா. குறையலன்னாலும் நடங்கன்னு சொன்னாங்களாம். அது வெறும் ஆறுதல் இல்ல. சென்னையில டாக்டர் ராமச்சந்திரன் குழு, சர்க்கரை வர்ற நிலையில இருந்த 531 பேரை மூணு வருஷம் கவனிச்சு 2006ல வெளியிட்டாங்க. சாப்பாட்டையும் நடையையும் மாத்திக்கிட்டவங்களுக்குச் சர்க்கரை வர்றது 28.5 சதவீதம் குறைஞ்சுது. இத்தனைக்கும் அவங்க எடை பெருசா ஒண்ணும் இறங்கல.

இப்ப ரெண்டு வருஷமா காலையில ஆறு மணிக்கு எங்க வயலுக்கு வந்திருதா. கன்னடியன் கால்வாய்க் கரையில மதகு வரைக்கும் போயிட்டுத் திரும்புவோம், நானும் கூட, என் 97க்காக. ரோட்டுல நடந்தா ஆளுங்க பாப்பாங்க, கரையில கொக்குதான் பாக்கும்னு சொல்லுதா. எடை 92லேருந்து 88 ஆகியிருக்கு. சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கு. முட்டி வலி முன்ன மாதிரி இல்ல, ஆனா இருக்கு. பீடித் தட்டை விட்டுட்டா. வீட்டு வாசல்ல நாலு ஆடு வளக்கா.

அந்தப் போட்டோவை அவகிட்டக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தா. அம்மாவைப் பாத்தா, அப்பாவோட கழுத்தெலும்பைப் பாத்தா. ஆச்சி கையில இருக்கிற பிள்ளையைப் பாத்து, "இது யாரு, நானா?"ன்னு கேட்டா. ஆமான்னேன். "ஆச்சிக்கு எவ்வளவு சந்தோஷம் பாரேன், என்னைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு"ன்னு சொல்லிட்டு, சேலைத் தலைப்பால கண்ணாடி மாதிரி அதைத் துடைச்சா. அம்பாசமுத்திரத்துல பெருசு பண்ணி பிரேம் போடுதேன்னு வாங்கிட்டுப் போயிருக்கா. திருப்பித் தரமாட்டான்னுதான் நெனைக்கேன்.